கல்யாண வீடியோக்களைச் சோதனை நிலை ஃபைல்சிஸ்டத்தில் வைக்கலாமா?

பெங்களூரு அல்சூரில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்தும் நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "ஸ்டுடியோவில் லினக்ஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று. மூன்றையும் பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் மென்பொருளில்) ஒன்றாகக் கட்டினால் எஸ்எஸ்டியின் வேகமும் டிஸ்க்கின் இடமும் சேர்ந்து கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் அது எக்ஸ்பெரிமென்டல் (சோதனை நிலை) என்றும் சொல்கிறார்கள். என்னென்ன முன்னெச்சரிக்கையோடு பயன்படுத்தலாம்?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி அந்த மூன்று டிஸ்க்கையும் ஃபார்மேட் அடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் கடையைத் திறந்து வழக்கம்போல வேலை பார்க்க முடியும் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முடியாது என்றால், இனி நான் சொல்லப்போகும் மற்ற எதுவும் உங்களைக் காப்பாற்றாது. நான் ஸ்டோரேஜ் துறையில் இருப்பவன். புது ஃபைல்சிஸ்டம் என்றால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் உங்களிடம் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். மறுபடி ஷூட் பண்ண முடியாத சரக்கு.

எக்ஸ்பெரிமென்டல் என்ற முத்திரையைப் பலர் 'கொஞ்சம் பக் இருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக் அதில் ஒரு பகுதிதான். டிஸ்க்கில் எழுதும் வடிவமே இன்னும் மாறிக்கொண்டிருக்கலாம். புது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒருமுறை தொட்டபின் பழைய கெர்னலால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவி, அதாவது எஃப்எஸ்சிகே, பெரும்பாலும் ஃபைல்சிஸ்டத்தைவிட இளசாக இருக்கும். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தின் எஃப்எஸ்சிகேவுக்குப் பின்னால் பல வருடமாக எல்லா விதத்திலும் உடைந்த டிஸ்க்குகளைப் பார்த்த அனுபவம் இருக்கிறது. புதியவற்றுக்கு அது கிடையாது. உடைந்தவை போதுமான அளவு வந்தால்தானே கற்றுக்கொள்ளும்!

நாலாவது ஒன்று உண்டு. உங்கள் விஷயத்தில் அதுதான் பெரியது: அந்தத் திட்டம் நாளைக்கு எங்கே இருக்கும்? பிகேஷ்எஃப்எஸ்ஸின் கதையையே பாருங்கள். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் பல வருடம் பெரும்பாலும் தனியாக உழைத்து வளர்த்தது. 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7-இல் சோதனை நிலை முத்திரையோடு கெர்னலுக்குள் வந்தது. பிறகு, எந்தக் கட்டத்தில் எந்த மாதிரி மாற்றங்களை அனுப்பலாம் என்பதில் அவருக்கும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் திரும்பத் திரும்ப மோதல். 2025-இல் 6.17 வந்தபோது 'வெளியே பராமரிக்கப்படுவது' என்று குறிக்கப்பட்டது, 6.18-இல் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது டிகேஎம்எஸ் மாட்யூலாக, அதாவது கெர்னலோடு வராமல் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆகிச் சேரும் துண்டாக, தனியே வருகிறது. இதில் யார் பக்கம் நியாயம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. உங்களுக்கு அதன் பொருள் என்ன என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அந்த மாட்யூல் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் மவுன்ட் ஆகாது, அதாவது டிஸ்க்கைத் திறக்க முடியாது. முகூர்த்த சீசனில், ஆல்பம் டெலிவரிக்கு முதல் நாள் அது நடந்தால் உங்கள் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் வசதி) ஆன் செய்திருந்தால் மாட்யூலுக்கு சைன் போடும் வேலையும் சேரும்.

முத்திரை முழு ஃபைல்சிஸ்டத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் 2009-இல் கெர்னலுக்குள் வந்தது. 2020 முதல் ஃபெடோரா லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அதுதான் டிஃபால்ட். ஒரு டிஸ்க்கிலோ, இரண்டு டிஸ்க்கில் அதே டேட்டாவை வைக்கும் ரெய்டு 1-இலோ நம்பி ஓட்டலாம். ஆனால் அதே பிடிஆர்எஃப்எஸ்ஸில் 2013-இல் சேர்ந்த ரெய்டு 5, 6 பற்றி அதன் ஆவணமே இன்றும் எச்சரிக்கிறது: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாரிட்டியும் (இழந்ததை மீட்க உதவும் கணக்கு) டேட்டாவும் பொருந்தாமல் போகும் ஓட்டை அதில் இருக்கிறது. பிகேஷ்எஃப்எஸ்ஸில் அதே மாதிரி வேலையைச் செய்யும் இரேஷர் கோடிங்கையும் அப்படித்தான் வையுங்கள். சோதனைக்குள் ஒரு சோதனை. அந்த ஆப்ஷன் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஆனால் மனதில் வைத்திருக்கும் கேள்வி: "இரண்டு டிஸ்க்கில் இரண்டு காப்பி இருக்குமே, செக்சம் (டேட்டா மாறியதா என்று காட்டும் எண்) இருக்கிறதே, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கலாமே?"

அவை மூன்றும் டிஸ்க் கெட்டுப்போவதற்கும் கை தவறுவதற்கும் மருந்து. ஃபைல்சிஸ்டத்தின் கோடே தப்பு செய்தால் மூன்றும் வேலைக்கு ஆகாது. தப்பான விடையை இரண்டு பேப்பரில் எழுதினால் இரண்டும் தப்புதான். ரெய்டு 1 அந்த இரண்டாவது பேப்பர். செக்சமும் அப்படித்தான். தப்பான டேட்டாவுக்குச் சரியான செக்சம் போட்டு எழுதிவிட்டால், பிறகு எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை எத்தனை முறை ஓட்டினாலும் பிழை இல்லை என்றே வரும்.

இது கற்பனை இல்லை. 2023 நவம்பரில் ஓப்பன்இசட்எஃப்எஸ் (சுருக்கமாக இசட்எஃப்எஸ்) என்ற ஃபைல்சிஸ்டத்தில் நடந்தது. 2.2.0 வந்து கொஞ்ச நாளில், ஜென்டூ லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் காப்பி செய்த சில ஃபைல்களுக்கு நடுவே டேட்டா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் புதிதாக வந்த பிளாக் குளோனிங் (அதே டேட்டாவைப் பகிர்ந்து காப்பி எடுக்கும் வசதி) மேல் சந்தேகம் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் மூலக் காரணம் அதைவிடப் பழையது: இப்போதுதான் எழுதிய ஒரு பகுதியைச் சரியாக அந்த நேரம் பார்த்துக் கேட்டால், 'இங்கே ஒன்றும் இல்லை, காலி இடம்' என்று இசட்எஃப்எஸ் பதில் சொல்லிவிடும். காப்பி செய்யும் புரோகிராம் அதை நம்பி அந்த இடத்தைப் பூஜ்யமாக விட்டுவிடும். மூல ஃபைலில் குறை இல்லை, காப்பிதான் ஓட்டை. ஸ்க்ரப் ஓட்டினால் எல்லாம் சுத்தம். நவம்பர் 30-ஆம் தேதி 2.2.2, 2.1.14 இரண்டிலும் சரி செய்தார்கள். இசட்எஃப்எஸ்ஸை யாரும் சோதனை நிலை என்று சொல்ல மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எக்ஸ்ட்4-உம் தப்பவில்லை. அதே வருடம் டிசம்பரில், 6.1.64 ஸ்டேபிள் கெர்னலுக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்த ஒரு திருத்தம், அதற்குத் தேவையான இன்னொரு திருத்தம் இல்லாமல் வந்ததால், டேட்டா கெடும் வாய்ப்பு உண்டாயிற்று. டெபியன் லினக்ஸில் 12.3 வெளியீட்டையே நிறுத்தி, நேராக 12.4 கொடுத்தார்கள். முதிர்ந்தவற்றுக்கே இது நடக்கும் என்றால், இளையதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முன்னெச்சரிக்கையில் முக்கால் பங்கு பேக்கப்தான். அதுவும் வேறு ஃபைல்சிஸ்டத்தில். பிகேஷ்எஃப்எஸ்ஸிலிருந்து இன்னொரு பிகேஷ்எஃப்எஸ் டிஸ்க்குக்கு எடுத்தால் இரண்டுக்கும் ஒரே கோடு, ஒரே பக். பேக்கப் டிஸ்க் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபைல் ஃபைலாக எடுங்கள். சில ஃபைல்சிஸ்டங்களில் உள்ள சொந்த 'சென்ட்' வசதியால் வரும் ஸ்ட்ரீமை ஒரே ஃபைலாகச் சேமித்து வைப்பது ஆபத்து. அதைத் திரும்ப எடுக்க அதே ஃபைல்சிஸ்டம்தான் வேண்டும். நடுவில் ஒரு இடம் கெட்டால் அதோடு மொத்தமும் போகலாம்.

எல்லோரும் ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி செய்யும் கருவி) போட்டு விட்டுவிடுகிறார்கள். அதில் இரண்டு குழி இருக்கிறது.

முதல் குழி டிலீட் ஆப்ஷன். மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழித்துவிடு என்பது அதன் அர்த்தம். இப்போது காலையில் ஏதோ காரணத்தால் உங்கள் சோதனை டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்று வையுங்கள். மவுன்ட் ஆகும் அந்த டைரக்டரி காலியாக அங்கேயே இருக்கும். ராத்திரி தானாக ஓடும் கிரான் வேலை அதைப் பார்த்து, 'மூலத்தில் ஒன்றுமே இல்லை' என்று முடிவு கட்டி, பேக்கப் முழுவதையும் சுத்தமாகத் துடைத்துவிடும். ஃபைல்சிஸ்டம் ஒரு பைட்டைக்கூட இழக்கவில்லை. உங்கள் ஸ்கிரிப்ட்தான் அழித்தது. மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க்குக்குள் ஒரு அடையாள ஃபைல் வைத்து, அது கண்ணில் பட்டால்தான் ஓட வேண்டும். கல்யாண ஃபுட்டேஜுக்கு டிலீட் ஆப்ஷனே தேவையில்லை என்பது என் எண்ணம். இடம் போதாதபோது கையால் அழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது குழி நுணுக்கமானது. ஆர்சிங்க் சாதாரணமாக ஃபைலின் அளவையும் தேதியையும் மட்டும் பார்க்கும். சத்தமில்லாமல் உள்ளே கெட்டுப்போன ஃபைலில் இரண்டும் மாறியிருக்காது. அதனால் அதைத் தொடாமல் தாண்டிவிடும், பேக்கப்பில் இருக்கும் நல்ல பிரதி தப்பிக்கும். 'இன்னும் பத்திரமாக' என்று நினைத்து செக்சம் ஆப்ஷனைச் சேர்த்தால், வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, நல்ல பிரதியின் மேல் கெட்டதை எழுதி வைக்கும்! செக்சம் ஆப்ஷனை டிரை ரன்னோடு (எதையும் எழுதாத ஒத்திகையோடு) சேர்த்து, எது எது மாறியிருக்கிறது என்று பட்டியல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொடாத ஒரு பழைய ஆர்ஏடபிள்யூ ஃபைல் அந்தப் பட்டியலில் வந்தால், அன்றைக்கே எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஏன் என்று பார்க்க வேண்டும்.

இதைவிட நல்லது, மெமரி கார்டிலிருந்து இறக்கியவுடனே ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 செக்சம் போட்டுப் பட்டியல் ஒன்று எடுத்து, எக்ஸ்ட்4 டிஸ்க்கில் போட்டு வைப்பது. ஃபைல்சிஸ்டம் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழை நம்பாமல் வெளியே இருந்து சரிபார்க்க அதுதான் வழி. பழைய நிலைகளை வைத்துக்கொள்ளும் ரெஸ்டிக், போர்க் மாதிரி கருவிகள் இன்னும் உத்தமம். கெட்டது தெரியவரும்போது, கெடுவதற்கு முந்தைய தேதிக்குப் போகலாம். கார்டைப் பொறுத்தவரை ஒரே விதி: பேக்கப்பிலும் ஏறி, பட்டியலோடு ஒத்துப்போன பிறகுதான் ஃபார்மேட்.

இன்னொரு பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால், போகும்போதெல்லாம் ஒரு டிஸ்க்கை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வரலாம். 50 எம்பி லைனில் டெராபைட் கணக்கில் கிளவுடுக்கு ஏற்றுவதைவிட ஓசூர் பஸ் வேகமானது.

எடுத்த பேக்கப்பிலிருந்து திரும்பவும் எடுத்துப் பாருங்கள். ஒரு கல்யாணத்தை முழுசாக வேறு மெஷினில் இறக்கி, எடிட்டிங் டைம்லைனில் திறந்து பார்ப்பதுதான் சோதனை. ஃபைல் பெயர்கள் வந்துவிட்டன என்று திருப்திப்படக்கூடாது.

இனி அமைக்கும் முறை. சிஸ்டம் இருக்கும் ரூட்டையும் பூட்டையும் எக்ஸ்ட்4-இலேயே விடுங்கள். சோதனை டிஸ்க் படுத்தாலும் மெஷின் எழ வேண்டும். பிழைச் செய்தி எழுதப்படும் லாக் அந்தப் படுத்த டிஸ்க்கிலேயே இருக்கக்கூடாது. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) நோஃபெயில் போடுங்கள், இல்லையென்றால் பூட் பாதியில் நின்று எமர்ஜென்ஸி ஷெல்லில் கொண்டுபோய் விடும். ஓடிக்கொண்டிருக்கும் அதே கெர்னலும் அதே கருவிகளும் உள்ள ரெஸ்க்யூ பென்டிரைவ் ஒன்று மேஜை டிராயரில் இருக்கட்டும். எங்கிருந்தோ இறக்கிய லைவ் யூஎஸ்பிக்கு உங்கள் ஃபைல்சிஸ்டம் என்னவென்றே தெரியாமல் போகலாம். கெர்னல் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டு, டெலிவரி இல்லாத வாரத்தில் கையால் செய்யுங்கள். பழைய கெர்னலையும் வைத்திருங்கள். ஆனால் டிஸ்க் வடிவத்தை மேலே ஏற்றும் ஆப்ஷனை, பிகேஷ்எஃப்எஸ்ஸில் வெர்ஷன் அப்கிரேடு, இசட்எஃப்எஸ்ஸில் இசட்பூல் அப்கிரேடு, அவசரப்பட்டுத் தொட வேண்டாம். புது வசதிகள் ஏறிவிட்டால் அந்தப் பழைய கெர்னலால் பிரயோஜனம் இல்லாமல் போகலாம்.

எஸ்எஸ்டியை முன்னால் வைக்கும் உங்கள் திட்டத்தில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எழுதுவது முதலில் எஸ்எஸ்டிக்குப் போய், பிறகு பின்னணியில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகரும். பிரதி எண்ணிக்கை 1 என்று விட்டால், நகரும் வரை உங்கள் புது ஃபுட்டேஜ் அந்த ஒரே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. மெட்டாடேட்டாவும் (எந்த ஃபைல் எங்கே என்ற குறிப்பு) ஒரே பிரதியாக இருந்தால், 1 டிபி எஸ்எஸ்டி செத்தால் 16 டிபியும் சேர்ந்து போகலாம். டேட்டா, மெட்டாடேட்டா இரண்டுக்கும் பிரதி 2 என்று ஃபார்மேட் செய்யும்போதே கொடுங்கள். இடம் பாதியாகும், அதுதான் விலை. கம்ப்ரெஷன், என்கிரிப்ஷன் எல்லாவற்றையும் முதல் நாளே ஆன் செய்யாதீர்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, கம்ப்ரெஷனால் லாபமும் இல்லை.

நிஜ டிஸ்க்கில் கை வைக்கும் முன், எக்ஸ்ட்4-இல் 20 ஜிபி ஃபைல்கள் மூன்றை உண்டாக்கி, லூப் டிவைஸாக (போலி டிஸ்க்காக) மாற்றி, அவற்றின் மேல் உங்கள் திட்டத்தை அப்படியே கட்டிப் பாருங்கள். நிரம்பி வழியும் வரை எழுதுங்கள். காப்பி-ஆன்-ரைட் வகையறாக்கள் (பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுபவை) நிரம்பும்போதுதான் குணத்தைக் காட்டும். ஒரு ஃபைலை அழிக்கவே இடம் வேண்டும் என்று நிற்கும். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று நான் சொல்வது. ஒரு லூப் டிவைஸைக் கழற்றிவிட்டு மவுன்ட் ஆகிறதா என்று பாருங்கள். எஃப்எஸ்சிகே எப்படிப் பேசுகிறது என்று முன்னாடியே பழகிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம் பெங்களூருக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல், மே சாயங்கால மழையில் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், மெஷின் ரீபூட் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். சாதாரண மோடில் அது மாறும் நேரம் கம்ப்யூட்டர் தாங்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்கலாம். யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், இல்லையேல் சின்ன யூபிஎஸ் ஒன்று. காப்பி-ஆன்-ரைட் ஃபைல்சிஸ்டம் கரண்ட் போவதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் சொல்வது உண்மையாக இருக்கும் வரைதான் அது செல்லும். மலிவான யூஎஸ்பி பெட்டிகளில் சில அந்த விஷயத்தில் பொய் சொல்லும். மூன்று டிஸ்க்கையும் நேராக மதர்போர்டிலேயே மாட்டுங்கள். ராம் குச்சியை மெம்டெஸ்ட்டில் ஒரு ராத்திரி ஓட்டுங்கள். கெட்ட ராமினால் வரும் செக்சம் பிழைக்கு ஃபைல்சிஸ்டத்தைத் திட்டுபவர்கள் அதிகம்.

கடைசியாக, உடைந்தால் என்ன செய்வது. முதல் அரை மணி நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம், அதுதான் வேலை. நெட்டில் பார்த்த ரிப்பேர் கட்டளையை அடிக்காதீர்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸின் செக் ரிப்பேரே, விவரம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்டாதே என்று எச்சரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதாது என்று நம்புவதும் தப்பு. ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை) திரும்ப ஓட்ட அப்போதும் எழுதும். எக்ஸ்ட்4-இல் நோலோட், எக்ஸ்எஃப்எஸ்ஸில் நோரெகவரி, பிகேஷ்எஃப்எஸ்ஸில் நோசேஞ்சஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கெர்னல் லாக்கை முதலில் எடுத்து வையுங்கள். டிஸ்க்கிலேயே கோளாறு என்று பட்டால் டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கின் பிரதியை இமேஜாக எடுத்து, இமேஜின் மேல் எல்லா சோதனையும் செய்யுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் இன்னொரு எச்சரிக்கை: மூலமும் இமேஜும் ஒரே யூயூஐடி (அடையாள எண்). இரண்டையும் ஒரே மெஷினில் தெரியும்படி வைத்து மவுன்ட் செய்தால் கெர்னல் எது எதுவென்று குழம்பி, இருந்த நல்லதையும் கெடுத்துவிடலாம். மூல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் இமேஜைத் தொட வேண்டும்.

உங்கள் ஸ்டுடியோவுக்கு நான் என்ன செய்வேன்? இரண்டு 8 டிபியையும் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1 ஆக, அல்லது லினக்ஸின் எம்டி ரெய்டின் மேல் எக்ஸ்ட்4 ஆகப் போடுவேன். எஸ்எஸ்டியைத் தனியாக வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட்டை மட்டும் அதில் எடிட் செய்து, தினமும் ராத்திரி டிஸ்க்குக்கு நகர்த்துவேன். பிகேஷ்எஃப்எஸ் தானாகச் செய்வதாகச் சொல்லும் வேலையில் முக்கால் பாகம் அந்த ஒரு ஸ்கிரிப்ட்டில் கிடைத்துவிடும். ஆசை தீரவில்லையென்றால் இன்னொரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் பிகேஷ்எஃப்எஸ் போட்டு, எடிட்டிங் ப்ராக்ஸியும் கேஷும் அங்கே இருக்கட்டும். தொலைந்தால் சாஃப்ட்வேர் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் சரக்கு அது. பழகவும் செய்யலாம், வரும் பக்கை ரிப்போர்ட்டும் செய்யலாம்.

பேக்கப்புக்கு டிஸ்க் வாங்க எஸ்.பி. ரோடு போவீர்கள் என்றால், விலையைக் கேட்கும் முன் மாடல் எண்ணை வாங்கி, சிஎம்ஆரா (எழுதும் தடங்கள் தனித்தனியானது) எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது, திரும்ப எழுத மெதுவானது) என்று நிறுவனத்தின் ஸ்பெக் ஷீட்டில் பாருங்கள். சும்மா அலமாரியில் வைக்கும் ஓசூர் பிரதிக்கு எஸ்எம்ஆர் போதும். ரெய்டுக்குள் மாட்டப்போகும் டிஸ்க் என்றால் சிஎம்ஆர்தான். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ரீபில்ட் (கெட்ட டிஸ்க்குக்குப் பதில் மாட்டியதில் பிரதியைத் திரும்ப எழுதுவது) ஓட ஆரம்பித்தால் நாள் கணக்கில் இழுக்கும், அந்த நாட்களில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல டிஸ்க்.